சித்தப்பா கட்டிய வேஷங்கள்

நடிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிச் சண்டைக்கு வருகிறோம். யார் அதிக வேஷம் கட்டியவர், யார் அழுதால் கொட்டகையே அழுதது என்று. போன வாரம்கூடக் கோயில் மண்டபத்தில் அந்தப் பேச்சு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லக்கூடிய நடிகரின் பெயர் உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. படத்தின் ஆரம்பத்தில் பெயர் போடும்போது கடைசி வரிசையில், பத்தோடு பதினொன்றாக ஓடி மறைந்த பெயர் அது. அவர் என் சித்தப்பா.

அவர் படங்களை நான் பார்த்தது ஒரே ஒரு கோடையில். அதற்குப் பிறகு அவற்றில் ஒன்றைக்கூட நான் எங்கும் பார்க்கவில்லை. படச்சுருளெல்லாம் எரிந்ததோ, மக்கியதோ, தெரியாது. அதனால் எனக்கு நினைவிருப்பதை எழுதி வைக்கிறேன்.

யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் சீட்டு. புதுச்சத்திரத்தில் சேலம் ரோட்டை ஒட்டி ஒரு கடலைக்காடு. தை மாதம் கடலை பிடுங்கிய பிறகு அந்தக் காட்டில் டூரிங் கொட்டகை போட்டார்கள். எங்கள் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். மண்ணுக்குள் விட்டுப்போன கடலைக்காய் உட்கார்ந்த இடத்தில் குத்தும். தோண்டி எடுத்துத் தின்றுகொண்டே படம் பார்க்கலாம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு சாக்குப் படுதா. வெளியே எஞ்சின் ஓடும் சத்தம், உள்ளே பீடிப் புகை, காய்ந்த கடலைக்கொடி வாசம். சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அப்போது எல்லார் முகமும் தூங்கி எழுந்த முகம் மாதிரி இருக்கும்.

கொட்டகைக்காரர் நாமக்கல்லில் இருந்து வந்தவர். கொட்டகை போட்ட வாரமே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, மொதல் படத்துல மந்திரியா வர்றவரு உங்க தம்பின்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. நெசமுங்களா? அப்படின்னா உங்களுக்கெல்லாம் சீட்டே வேண்டாமுங்க, சும்மா வந்து பாருங்க."

அப்பாவை எங்கள் பக்கம் அய்யன் என்போம். அய்யன் மாட்டுக்குத் தீனி வைக்கும் கவணையில் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே, "எனக்குத் தம்பி இல்லீங்க" என்றார்.

இருந்தார். அது ஊருக்கே தெரியும். சித்தப்பாவுக்கு ஏரும் எருதும் ஒத்துவரவில்லை. ஊருக்குள் நடந்து போகிறவர்களை மாதிரி நடந்து காட்டுவார், தட்டான் மாதிரி இருமுவார், மணியக்காரர் மாதிரி கனைப்பார். நாடகக் கம்பெனி ஒன்று நாமக்கல்லுக்கு வந்தபோது அதோடு சுற்றினார். கல்யாணம் செய்து வைத்தால் அடங்குவார் என்று காவேரிக்கரையில், பள்ளிபாளையத்துப் பக்கம் பெண் எடுத்துக் கட்டி வைத்தார்கள். அடங்கவில்லை. கல்யாணமான வருஷத்துக்குள்ளேயே ஒரு நாள் நாற்று நட ஆள் கூட்டி வந்திருந்தபோது அவரைக் காணவில்லை. சாயங்காலம் மூக்கில் அரிதாரப் பூச்சோடு திரும்பி வந்தார். அய்யன் அவரைக் கைநீட்டி அடித்துவிட்டு, "வேஷங் கட்டறவனுக்கு இந்த ஊட்டு வாசல்ல எடமில்லை" என்றார். சித்தப்பா அன்றே போய்விட்டார். சேலத்தில் படக் கம்பெனியில் இருக்கிறார் என்று மட்டும் பிறகு தெரிந்தது.

சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அய்யன் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. என் அம்மாவுக்குச் சேலை எடுத்தால் அவளுக்கும் எடுப்பார். ஆனால் அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கணவனின் அண்ணன் எதிரே தம்பி பெண்டாட்டி நிற்பதோ, முகம் பார்த்துப் பேசுவதோ அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் இல்லை. சித்தி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று, "உங்கய்யன்கிட்டச் சொல்லு சாமி" என்பாள்; பிள்ளைகளைச் செல்லமாகச் 'சாமி' என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அய்யன் வாசலில் இருந்தபடி, "சித்திகிட்டச் சொல்லு சாமி" என்பார். இரண்டு பேருக்கும் மற்றவர் பேச்சு காதில் விழும். இருந்தாலும் நடுவில் நான் போய் வந்தால்தான் பேச்சு போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

கொட்டகைக்காரர் போன பிறகு சித்தி என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மாகூட நானும் படம் பாக்கப் போகட்டுமான்னு உங்கய்யன்கிட்டக் கேளு சாமி."

அய்யன் மிச்சமிருந்த தட்டையும் கவணையில் போட்டு முடித்தார். பிறகு தாழ்ந்த குரலில், "போகட்டும். பாத்துப்போட்டு வெறுத்தாவது போகட்டும்" என்றார். அந்த இரண்டாவது பேச்சு கதவுப் பக்கம் எட்டவில்லை. நான் சித்தியிடம், "போகட்டுமாம்" என்று மட்டும் சொன்னேன். ஒன்பது வயதில் எப்படி அது தோன்றியதோ தெரியாது.

மந்திரி வேஷம்தான் நாங்கள் பார்த்த முதல் வேஷம். மார்பு வரை தாடி, புருவத்துக்கு மேல் கறுப்புக் கோடு, காதில் குண்டலம். எனக்கு அடையாளமே தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. "இதுல யாரு?" என்று எங்களைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எங்களையே கேட்டார்கள். மந்திரி எழுந்து உறையிலிருந்து வாளை உருவினார். இடது கையால் உருவினார். சித்தி என் தோளைப் பிடித்தாள்.

"அவருதான்" என்றாள்.

சித்தப்பா இடதுகைக்காரர். சின்ன வயதில் இடது கையால் சாப்பிடுகிறார் என்று அய்யன்தான் அந்தக் கையைத் துண்டால் முதுகோடு சேர்த்துக் கட்டி உட்கார வைப்பாராம். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்தவர் அய்யன். கட்டை அவிழ்த்துவிட்டதும் மறுபடியும் இடது கைதான் இலைக்குப் போகும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

அந்தப் படத்தில் மந்திரி, ராஜகுமாரியின் கையைப் பிடித்து இழுப்பார். மறுநாள் கிணற்றடியில் பக்கத்து வீட்டு அக்கா சித்தியைப் பார்த்து, "உன்ற ஊட்டுக்காரன் அடுத்தவ கையைப் புடிச்சு இழுக்கறானே, பாத்துக்கிட்டு எப்படிடி உக்காந்திருந்தே?" என்று கேட்டாள்.

சித்தி குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "எந்தக் கையில புடிச்சாருங்க அக்கா?" என்று திருப்பிக் கேட்டாள்.

கிணற்றடியில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று அன்றே ஊருக்குள் பேச்சாகிவிட்டது. என் அம்மாகூட அப்படித்தான் நினைத்தாள். சித்தி கேட்டது எவ்வளவு நேரான கேள்வி என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. புருஷனோடு அவள் வாழ்ந்தது சில மாதங்கள். அவரிடம் அவள் பழகி வைத்திருந்ததே அந்தக் கை ஒன்றுதான் போலிருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர் நடித்த படம் என்றதும் கூட்டம் தாங்கவில்லை. கொட்டகைக்காரர் வியாபாரம் தெரிந்தவர். சித்தப்பா எந்தெந்தப் படத்தில் தலைகாட்டியிருக்கிறாரோ அதையெல்லாம் தேடித் தேடிக் கொண்டுவந்தார். மாட்டு வண்டியில் தட்டி கட்டி, தப்பு அடித்துக்கொண்டு, ரோஸ் நிறத்திலும் பச்சை நிறத்திலும் நோட்டீஸ் வீசிக்கொண்டு போவார்கள். நாங்கள் பின்னால் ஓடிப் பொறுக்குவோம். அந்த நோட்டீஸ்களைச் சித்தி தன் தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் விரித்து வைத்திருந்தாள். எங்கே போனதோ அந்தப் பெட்டி.

இரண்டாவதாக வந்தது முனிவர். புற்று மண் பூசிய உடம்பு, சடை, யோகதண்டத்தில் சாய்த்த கை. கண்ணைத் திறந்து சாபம் கொடுக்கும்போது ஆண்கள் பக்கத்தில் ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார். யாரோ சூடம் கொளுத்தினார்கள். போன வாரம் மந்திரிமேல் மண்ணை வாரித் தூற்றிய அதே பெண்கள், "சாமி, சாமி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஆளா இரண்டும் என்று எனக்குப் பிரமிப்பு. சித்தி மட்டும் இருட்டில் என் காதோரம், "அந்தக் கை ஏன் சாமி அசையவே இல்லை?" என்றாள்.

"முனிவர் தவம் பண்றாருங்க சித்தி" என்றேன்.

அடுத்தது அரண்மனை வேலைக்காரக் கிழவி. பெண் வேஷம். புகையிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, முந்தானையை உதறி உதறிச் செருகிக்கொண்டு, உலக்கையைக் கை மாற்றிக் கை மாற்றி நெல் குத்துவார். குத்திக்கொண்டே ராணியைப் பற்றிப் புறம் பேசுவார். கொட்டகை குலுங்கிச் சிரித்தது. சித்தி வாய்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து துடைத்துக்கொண்டாள். "கை நல்லாத்தானே இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பிச்சைக்காரன்.

ஊரெல்லாம் பார்த்துவிட்டு வந்து ஆளுக்கு ஆள் சொன்னதாலோ என்னவோ, அந்தப் படத்துக்கு மட்டும் அய்யன் வந்தார். யாரிடமும் சொல்லாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஆண்கள் பக்கம் கடைசியில் கம்பத்தை ஒட்டி அவர் உட்கார்ந்திருந்தது சுருள் மாற்றும் வெளிச்சத்தில் எனக்குத் தெரிந்தது. திரையில் சித்தப்பா கிழிந்த சாக்கைச் சுற்றிக்கொண்டு, உடம்பெல்லாம் புண்ணோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து தெருவில் தவழ்ந்து வந்தார். ஒரு பெரிய வீட்டுக்காரன் பழைய சோற்றை மண்ணில் கொட்டுகிறான். இவர் குனிந்து, மண்ணோடு அள்ளித் தின்கிறார்.

அய்யன் எழுந்தார். யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனார். நாங்கள் வீடு திரும்பியபோது கட்டுத்தறியில் மாட்டின் கழுத்தில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். செருப்பைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் காலை சித்தியின் அண்ணனுக்கு ஆள் அனுப்பினார். அம்மாவிடம், "மண்ணுல கெடக்கற சோத்தத் திங்கற பொழப்பு. அவனுக்காக அந்தப் புள்ள எதுக்குக் காத்துக் கெடக்கோணும்? அவ பொறந்த ஊட்டுல நிம்மதியா இருக்கட்டும்" என்றார். ஊருக்கெல்லாம் அய்யனின் கோபமும் மானமும்தான் தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. தன் கையால் ஊட்டி வளர்த்த பிள்ளை மண்ணில் கிடந்த சோற்றை வாரித் தின்பதை அவரால் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை என்பது, நானும் பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் புரிந்தது.

சித்தியின் அண்ணன் வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் இரண்டு படங்கள் ஓடின. ஒன்றில் கண் தெரியாத ராஜா. சிம்மாசனத்தில் பட்டுச் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார். காணாமல் போன மகன் திரும்பி வந்ததும் வலது கையால் அவன் நெற்றியை, மூக்கை, உதட்டை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். அன்று கொட்டகையில் அழாதவர்கள் இல்லை. "பெத்த மகன் மொகத்த ஒரு கையிலயா தடவுவாங்க?" என்று சித்தி முணுமுணுத்தாள்.

மற்றது வழிப்பறிக் கள்ளன். குதிரை மேல் வருவார். இடது கையில் சாட்டை. மலையடிவாரத்தில் துரத்துகிறார்கள், குதிரை ஒரு சரிவில் கால் தடுக்கி முன்னால் மடங்குகிறது, கள்ளன் தூக்கி எறியப்பட்டுப் பாறையில் விழுகிறார். "அப்பா! என்னமா உளுந்தான்!" என்று கூட்டம் ஆரவாரித்தது. அதற்குப் பிறகு படம் முடியும் வரை கள்ளன் கம்பளியைப் போர்த்திக்கொண்டேதான் வந்தான்.

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். பின்னால் இருந்தவர்கள், "உக்காரு அம்மிணி" என்று கத்தினார்கள்.

மறுநாள் காலையில் என்னை அழைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கொட்டகைக்காரர் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "இதுல எது மொதல்ல எடுத்த படம், எது பின்னால எடுத்த படம்னு கேளு சாமி" என்றாள். கேட்டேன்.

"இது என்னுங்க கேள்வி? மந்திரியும் வேலைக்காரியும் பழசுங்க. அப்பறம் கள்ளன். முனிவரு, பிச்சைக்காரன், ராஜா எல்லாம் அதுக்குப் பின்னால வந்ததுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு ஆளுங்க அவரு! கைகால் வெளங்காத பிச்சைக்காரனா எப்படி நடிச்சாரு பாத்தீங்களா? அவரை மாதிரி இன்னொருத்தர் பொறந்துதான் வரோணும்."

 வருகிற வழியில், இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் சித்தி உட்கார்ந்துவிட்டாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பயமாக இருந்தது. பிறகு எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் வா சாமி" என்றாள்.

வீட்டில் அவளுடைய அண்ணன் வண்டியோடு வந்து காத்திருந்தார். அய்யன் கயிற்றுக்கட்டிலில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சித்தி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"நான் வரலைன்னு சொல்லு சாமி. அவருக்குக் கை போயிருச்சுன்னு சொல்லு. நான் சேலம் போகோணும்னு சொல்லு."

சொன்னேன். அய்யன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அதெல்லாம் வேஷம்னு சொல்லு சாமி. அவன் சின்ன வயசுலயே நொண்டி மாதிரி நடந்து காட்டி என்னையவே ஏமாத்துனவன். வேஷத்தப் பாத்துக் கண்கலங்க வேண்டாம்னு சொல்லு."

நான் கதவுப் பக்கம் திரும்புவதற்குள் சித்தி வெளியே வந்துவிட்டாள். முற்றத்து வெயிலில், அய்யனுக்கு நேர் எதிரே நின்றாள். அம்மா, "அம்மிணி!" என்று பதறினாள். அய்யன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்.

"வேஷமில்லீங்க பெரிய மாமா. நீங்க அவரப் பாதியில விட்டுப்போட்டு எந்திரிச்சு வந்துட்டீங்க. நான் அத்தனையும் முழுசாப் பாத்தேனுங்க. குதிரையில இருந்து உளுந்ததுக்குப் பின்னால ஒரு படத்துலயும் அந்தக் கை எந்திரிக்கலீங்க. அந்தக் கையைக் கட்டிப் போட்டு வளத்தவரு நீங்கதானுங்களே. அது சும்மா இருக்கற கையா, நீங்களே சொல்லுங்க."

 சொல்லிவிட்டு அவள் இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு காகம் வண்டி நுகத்தடியில் வந்து உட்கார்ந்து, பறந்து போனது.  அய்யன் தலையை நிமிர்த்தாமலே சித்தியின் அண்ணனிடம், "மாப்ளே, நீங்க ஒரு நாலு நாள் பொறுத்து வாங்க" என்றார். அம்மாவிடம், "விடியக் காலம் சோறு கட்டு" என்றார்.

மறுநாள் மூன்று பேரும் கிளம்பினோம். பெட்ரோல் கிடைக்காததால் அப்போது பஸ்ஸெல்லாம் கரியில் ஓடின. பின்பக்கம் பெரிய உருளையில் கரி புகைந்துகொண்டிருக்கும். மேட்டில் ஏறாது, ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். அய்யனும் தள்ளினார். சேலம் வந்து சேர்வதற்குள் எங்கள் மூக்குத்துளையெல்லாம் கறுப்பாகியிருந்தது. அங்கிருந்து மலைக்குப் போகும் ரோட்டில் நடந்தோம். அய்யன் முன்னால், நான் நடுவில், சித்தி பின்னால். 

படக் கம்பெனிக்கு உயரமான மதில். வாசலில் காக்கி உடுப்புப் போட்ட காவல்காரர். அய்யன் சித்தப்பாவின் பெயரைச் சொன்னார். காவல்காரருக்குத் தெரியவில்லை.

"இங்க நூறு பேரு இருக்காங்க. என்ன வேஷங் கட்டறவரு?"

அய்யன் யோசித்தார். "எல்லா வேஷமும் கட்டுவானுங்க" என்றார். அவர் அப்படிச் சொன்னபோது குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது என்று எனக்குப் பட்டது.

காவல்காரர் முகம் மலர்ந்தது. "அட, ஒத்தக் கைக்காரரா? அப்படிச் சொன்னாத்தானே தெரியும்! போங்க, மூணாவது கொட்டாயில இருப்பாரு."

அய்யன் அங்கேயே நின்றுவிட்டார். மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். சித்தி தலையைக் குனிந்தபடி இருந்தாள். தான் சொன்னதே சரியாகிவிட்டது என்ற நினைப்பு அவளுக்குத் துளியும் இருந்திருக்காது. அது பொய்யாக இருக்க வேண்டும் என்றுதானே வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருப்பாள்.

உள்ளே அட்டையிலும் காரையிலும் செய்த அரண்மனைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நாரதர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது கொட்டாயின் பெரிய கதவு திறந்து கிடந்தது. உள்ளே கண் கூசும் வெளிச்சம். பெண்கள் மாரடித்து அழும் சத்தம். எட்டிப் பார்த்தோம். பச்சைப் பாடை. அதன் மேல் மல்லிகை மாலையோடு, நெற்றியில் காசு வைத்து, தாடையைத் துணியால் கட்டிச் சித்தப்பா கிடந்தார். முகம் வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தது. தலைமாட்டில் நான்கு பெண்கள் தலைவிரி கோலமாக.

சினிமா பிடிக்கிற இடம் என்று தெரிந்துதான் வந்தோம். கேமரா அங்கேதான் நின்றது, ஆட்கள் நின்றார்கள், விளக்கு எரிந்தது. அய்யன் கண்ணில் அவையொன்றும் படவில்லை.

"சாமீ!" என்று ஒரு கத்தல். மாடு கத்துவது மாதிரி இருந்தது. வயர்களை மிதித்துக்கொண்டு வெளிச்சத்துக்குள் ஓடினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு விலகினார்கள். அய்யன் மாலையைப் பிய்த்து எறிந்தார். தாடைக் கட்டை அவிழ்த்தார். "எந்திரி! எந்திரி சாமி! அண்ணன் வந்திருக்கறேன் பாரு!" என்று இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். வலது தோள் எழுந்தது. இடது பக்கம் துணி மாதிரி தொங்கியது.

பிணம் கண்ணைத் திறந்தது. "அண்ணா" என்றது.

யாரோ விளக்கை அணைத்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட டைரக்டர் பாய்ந்து வந்தார். பிலிமுக்குப் பெரிய தட்டுப்பாடாக இருந்த காலம் அது; ஓர் அடி வீணானாலும் கத்துவார்கள். "யாரய்யா இந்த ஆள்? கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளு!" என்றார். இரண்டு பேர் வந்து அய்யன் கையைப் பிடித்தார்கள்.

"எங்க அண்ணனுங்க. என்னைய வளத்தவருங்க. மன்னிச்சிருங்க, அவருக்கு இதெல்லாம் தெரியாதுங்க" என்று சித்தப்பா பாடை மேல் உட்கார்ந்தபடி ஒற்றைக் கையை உயர்த்திக் கும்பிடுவது போலக் காட்டினார்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அய்யன் முகத்தைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "சாப்பாட்டுக்கு விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்போதுதான் சித்தப்பா கதவோரம் நின்ற சித்தியைக் கண்டார். பாடையிலிருந்து இறங்கி நின்றார். வசனம் பேசியே பழகிய மனிதர்.  அன்று முதலில் பேசியது சித்திதான்.

"நெல்லுக் குத்துனது நொம்ப நல்லா இருந்துதுங்க" என்றாள்.

சித்தப்பா சிரிக்கப் பார்த்து, முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புளிய மரத்தடியில் இலை போட்டு அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சித்தி பரிமாறினாள். பிண வேஷத்தோடுதான் சித்தப்பா சாப்பிட்டார். வலது கையால் பிசைந்தார். சோறு விரல்களுக்குள் நிற்காமல் சிந்தியது. அய்யன் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் இலையை ஒதுக்கிவிட்டு, சோற்றை உருட்டித் தம்பி கையில் வைத்தார். அவர் தின்றதும் அடுத்ததை உருட்டினார்.

"ஏன்டா ஊட்டுக்கு வரலை?"

"ரெண்டு கை இருந்தப்பவே காட்டு வேலைக்கு ஆகாதவனுங்க நான். ஒத்தக் கையோட வந்து நின்னு என்னுங்கண்ணா பண்ணட்டும்? இங்கன்னா உக்காந்த வேஷம், படுத்த வேஷம்னு பாத்துக் குடுக்கறாங்க. கை வெளங்கலைன்னு படத்துல ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"இவளுக்குத் தெரிஞ்சுதே" என்றார் அய்யன். சித்தியை எதிரில் வைத்துக்கொண்டு, அவளைச் சுட்டி அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

சித்தி அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குக் குடியிருக்கத் திரும்பவில்லை. சேலத்தில் ஒரு சந்தில் ஓட்டு வீடு பிடித்துச் சித்தப்பாவோடு இருந்தாள். அவர் இன்னும் சில வருஷங்கள் நடித்தார்: கணக்குப்பிள்ளை, சிறைக் கைதி, சாகக் கிடக்கும் மாமனார் என்று. கொட்டகை அந்தக் கோடையோடு இடம் மாறிப்போனதாலும், பிறகு நான் வாழ்க்கைப்பட்டு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டதாலும் அவற்றைப் பார்க்க வாய்க்கவில்லை. அந்தக் கை கடைசி வரை சரியாகவில்லை. மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அறுவடைக்கு அறுவடை அய்யன் ராகியும் கடலையும் மூட்டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார்.

அதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆள் ஓடி வந்து, டைரக்டர் கூப்பிடுகிறார் என்றான். சித்தப்பா எழுந்தார்.

"மறுக்காவும் அதுல போயிப் படுக்கோணுமா?" என்று அய்யன் கேட்டார்.

"ஆமாங்கண்ணா. அதுதானுங்க எனக்கு வேலை. நீங்க இங்கயே நெழல்ல உக்காருங்க. பாக்க வேண்டாமுங்க."

அய்யன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நீ போயிப் படு. நானும் வாரேன்" என்றார்.

கொட்டாய்க்குள் ஓரமாக ஒரு மரப்பெட்டியைக் காட்டினார்கள். அய்யன் அதில் உட்கார்ந்தார். சித்தப்பாவுக்குப் புது மாலை போட்டார்கள், நெற்றியில் காசை வைத்தார்கள். விளக்குகள் எரிந்தன. பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். அய்யன் இரண்டு கையாலும் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இமைக்காமல் அதைப் பார்த்தார். கண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. ஒரே காட்சியை அவர்கள் சாயங்காலம் வரை திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் விளக்கு அணைந்ததும், அந்த இருட்டில் அய்யனின் குரல் கேட்கும்.

"சாமி, எந்திரிச்சுட்டியா?"

பாடையிலிருந்து பதில் வரும்.

"எந்திரிச்சுட்டனுங்கண்ணா."